தீபாவளி முதல் தைப்பூசம் வரை: மழைக்காலத்துக்கு மிதிவண்டி டயர் மாற்றும் முறை

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் வட்டாரத்தில் தீபாவளி நெருங்கும்போதே வானம் மாறத் தொடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் இறங்கி மார்ச் வரை நீடிக்கக்கூடியது என்றாலும், ஜொகூரின் இந்தப் பக்கத்தில் டிசம்பரும் ஜனவரியும்தான் கடுமையான மாதங்கள். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வந்த வெள்ளத்தை இங்குள்ளவர்கள் இன்னும் மறக்கவில்லை. காரும் மோட்டாரும் வைத்திருப்பவர்கள் மழைக்கு முன் டயரைப் பார்த்து வைக்கிறார்கள். மிதிவண்டியில் வேலைக்குப் போகிற நாம்தான் ஆண்டு முழுவதும் ஒரே டயரில் ஓட்டி, அது தேய்ந்து உள்ளே இருக்கும் நூல் தெரியும்போது மாற்றுகிறோம். மழைக்கு முன் எந்த டயரைத் தேர்வது, அதை வீட்டு வாசலிலேயே எப்படி மாட்டுவது, மாட்டிய பின் ஈரத்தில் எப்படி ஓட்டுவது என்பதை இங்கே எழுதுகிறேன்.

தோட்டத்து வீட்டிலிருந்து பட்டணத்துக்கு நான் போகும் வழி 9 கிலோமீட்டர். முதல் 3 கிலோமீட்டர் செம்பனை வரிசைகளுக்கு நடுவே போகும் செம்மண் சடக்கு, அதாவது தார் போடாத மண் சாலை. அதன் முடிவில் ஒரு பலகைப் பாலம். அதற்கப்பால் லோரிகள் ஓடும் தார்ச் சாலை. தோட்டத்துப் பட்டணங்களில் வேலைக்குப் போகும் பலருக்கும் வழி ஏறக்குறைய இப்படித்தான் அமைந்திருக்கும். மண்ணுக்குப் பொருந்தும் டயர் தாரில் இழுக்கும். தாருக்குப் பொருந்தும் டயர் சேற்றில் சுழலும். இரண்டுக்கும் நடுவே ஒன்றைத் தேடவேண்டியிருப்பதுதான் நம்முடைய தேர்வைக் கடினமாக்குகிறது.

பனி விழும் நாடுகளில் இதற்கு வேறு வகையான தீர்வு உண்டு. பின்லாந்தின் ஊலு போன்ற நகரங்களில் குளிர்காலம் முழுவதும் மக்கள் மிதிவண்டி ஓட்டுகிறார்கள். உறைந்த பனிக்கட்டியைக் கவ்விப் பிடிப்பதற்காக, டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த சிறு ஆணிகள் பதித்த டயர்கள் அங்கே கிடைக்கின்றன. நமக்கு ஆணி வேண்டியதில்லை. ஈரத் தாரிலும் பலகையிலும் அந்த ஆணி கெடுதலே செய்யும். ஆனால் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. பருவம் தொடங்குவதற்கு முன்பே டயரை மாற்றிவிடுகிறார்கள்; ஒரே ஒரு ஆணி டயர் வாங்கத்தான் பணம் இருக்கிறதென்றால் அதை முன் சக்கரத்தில் மாட்டுகிறார்கள். இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவதும் இதுதான்: நல்ல டயர் முன்னால் இருக்கவேண்டும்.

காரணம் எளிது. பின் சக்கரம் வழுக்கினால் வண்டியின் பின்பக்கம் சற்று ஒதுங்கும். உடம்பைச் சரிசெய்து, ஒரு காலை ஊன்றி, பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் நிமிர்ந்து நிற்பதற்கு வண்டியிடம் எதுவுமே மிச்சமில்லை. கை நீட்டுவதற்குள் தரையில் கிடப்போம். ஆனால் பழக்கத்தில் நாம் செய்வது நேர்மாறானது. எடையின் பெரும்பகுதி பின்னால் இறங்குவதாலும் மிதிக்கும் விசை அங்கேதான் போவதாலும் பின் டயர் விரைவில் தேய்கிறது. உடனே புதிய டயரை வாங்கிப் பின்னால் மாட்டி, முன்னால் இருக்கும் பழையதை அப்படியே விட்டுவிடுகிறோம். பின் டயர் தேய்ந்தால், முன்னால் இருப்பதைக் கழற்றிப் பின்னுக்குப் போட்டு, புதியதை முன்னால் மாட்டுவதே சரியான முறை. ஒரு சக்கரத்துக்குப் பதிலாக இரண்டையும் கழற்றவேண்டும். வேலை அரைமணி நேரம் கூடும், அவ்வளவுதான்.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு டிசம்பர் காலை, தூறல் விட்டிருந்த நேரம். தோட்டத்துச் சடக்கு தார்ச் சாலையைத் தொடும் சந்தியில், செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளின் சக்கரங்களிலிருந்து உதிர்ந்த செம்மண் தாரின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்திருந்தது. பார்வைக்கு அது ஈரத் தார் போலவே இருந்தது. வழக்கமான வேகத்தில் இடப்பக்கம் திரும்பினேன். ஹேண்டில் கையில் கனமிழந்ததை உணர்ந்த அதே நொடியில் முழங்கை தாரில் உரசிக்கொண்டிருந்தது. வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்த்தபோது, மாட்டி ஒரு மாதமே ஆன பின் டயரில் வார்ப்பின் மெல்லிய ரப்பர் மயிர்கள்கூட உதிராமல் இருந்தன. முன் டயரின் நடுப்பகுதியோ உள்ளங்கையைப் போல வழவழப்பாக இருந்தது.

இனி டயர்த் தேர்வுக்கு வருவோம். டயரின் மேல் உள்ள மேடு பள்ளங்களை மலாயில் பூ என்றே சொல்வார்கள். நானும் அச்சொல்லையே இங்கே பயன்படுத்துகிறேன். பூ ஆழமாக இருந்தால்தான் மழையில் பிடிப்பு இருக்கும் என்ற நம்பிக்கை காரிலிருந்து வந்தது. கார் டயர் அகலமானது, தட்டையானது. நெடுஞ்சாலை வேகத்தில் அதன் அடியில் தண்ணீர் ஒரு படலமாகச் சிக்கி டயரைத் தூக்கிவிடும், ஆகையால் தண்ணீரை வெளியேற்றப் பள்ளம் தேவைப்படுகிறது. மிதிவண்டி டயர் ஒடுக்கமானது, உருண்டையானது; நாம் போகும் 20, 25 கிலோமீட்டர் வேகத்தில் அது தண்ணீரை இரண்டு பக்கமும் விலக்கிவிட்டுத் தாரைத் தொட்டுக்கொண்டே போகும். எனவே ஈரத் தாரில் நம்மைப் பிடித்து நிறுத்துவது பூ அன்று, ரப்பரின் தன்மைதான். புதிய, மிருதுவான ரப்பர் பிடிக்கும். ஆண்டுக்கணக்கில் வெயிலில் நின்று இறுகிப்போன ரப்பர், பூ முழுதாக இருந்தாலும் வழுக்கும். கட்டைவிரல் நகத்தை டயரின் மேல் அழுத்திப் பாருங்கள். நகம் சிறிதும் இறங்காமல் கல்லைப் போல இருந்தாலோ, பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தாலோ, அந்த டயரை மழைக்காலத்துக்கு நம்ப வேண்டாம்.

பூ உண்மையாகத் தேவைப்படும் இடம் செம்மண் சடக்கு. மழையில் அதன் மேற்பரப்பு ஒரு விரல் ஆழத்துக்குக் குழைந்து, அடியில் கெட்டியாகவே இருக்கும். அந்தக் குழம்பைக் கடந்து கெட்டித் தரையைத் தொடக்கூடிய மேடுகள் டயரில் இருக்கவேண்டும். அதற்காக மலைப்பாதையில் ஓட்டுவதற்கான பெரிய குமிழ் டயரை வாங்கிவிடாதீர்கள்; தாரில் திரும்பும்போது அந்தக் குமிழ்கள் வளைந்து நெளியும், மிதிப்பதும் களைப்பாக இருக்கும். நடுவில் நெருக்கமான கட்டைகளும், ஓரங்களில் இடைவெளி விட்ட குமிழ்களும் உள்ள டயரே நம் வழிக்கு ஏற்றது. தாரில் நேராகப் போகும்போது நடுப்பகுதி ஓடும். சேற்றில் டயர் அமிழும்போது ஓரக் குமிழ்கள் வேலைக்கு வரும். குமிழ்களுக்கிடையே இடைவெளி இருப்பது மிகவும் முக்கியம், ஏனென்றால் நெருக்கமான பூவில் செம்மண் அப்பிக்கொண்டால் அது போகவே போகாது.

அகலத்தில் பேராசை வேண்டாம். 26 அங்குல வண்டிக்கு 1.75, அதாவது 47 மில்லிமீட்டர் அகலம் போதும். 700சி என்ற அளவுச் சக்கரத்துக்கு 35 முதல் 40 மில்லிமீட்டர் வரை நன்றாக இருக்கும். டயருக்கும் மட்கார்டுக்கும், டயருக்கும் போர்க்குக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாக நுழையவேண்டும். நுழையாவிட்டால் செம்மண் உருண்டு திரண்டு அங்கே அடைத்து, சக்கரத்தையே நிறுத்திவிடும். அப்படி நின்ற வண்டியைத் தோளில் சுமந்துகொண்டு சடக்கைக் கடப்பவர்களை ஒவ்வொரு மழைக்காலத்திலும் பார்க்கலாம்.

இன்னொரு செய்தி முள். செம்பனை மட்டையின் அடிப்பகுதி முழுவதும் முள். வெட்டிய மட்டைகளை வரிசைகளுக்கு நடுவே அடுக்கினாலும், உடைந்த துண்டுகள் சடக்கில் விழத்தான் செய்யும், சேற்றில் புதைந்த பிறகு அவை கண்ணுக்கும் தெரியாது. ஆகையால் பூவுக்கு அடியில் முள் தடுப்புப் பட்டை வைத்த டயரை, விலை கூடினாலும், எடை கூடினாலும், வாங்குங்கள். கொட்டும் மழையில் பஞ்சர் ஒட்டுவது நடக்காத காரியம். ஈரமான டியூபில் பசை பிடிக்காது.

அளவைப் பற்றி ஒரு கடுமையான எச்சரிக்கை. 26 என்று சொல்லி விற்கப்படும் டயர்கள் எல்லாம் ஒன்றல்ல. 26 × 1.75 டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 559 மில்லிமீட்டர். 26 × 1⅜ டயருக்கு அது 590 மில்லிமீட்டர். ஒன்றின் இடத்தில் மற்றொன்று எந்த வகையிலும் பொருந்தாது. 28 என்பதும் அப்படியே: பழைய கறுப்புச் சைக்கிளின் 28 × 1½ டயருக்கு 635, இப்போதைய 700சி டயருக்கு 622. கடையில் வாய்ச்சொல்லை நம்பி 26 என்று வாங்கிவந்து, வீட்டில் ஒரு மணி நேரம் போராடிய பிறகு எண்ணைப் படித்து நொந்துபோன அனுபவம் எனக்குண்டு. பழைய டயரின் பக்கவாட்டைத் துடைத்துப் பாருங்கள். 47-559 என்பதுபோல் இரண்டு எண்கள் கோடு போட்டு அச்சாகியிருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம். இரண்டாவது எண் மாறவே கூடாது. முதல் எண் சற்றுக் கூடலாம், குறையலாம்.

மாட்டுவதற்கு வெயில் உள்ள ஒரு முற்பகலைத் தேர்ந்தெடுங்கள். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு எனக்கு வசதி. புதிய டயரை முதலில் ஒரு மணி நேரம் வெயிலில் கிடத்தி வைத்தால் மடிப்பு நீங்கி இளகும். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பிரேக் கம்பியை விடுவித்து, முன் சக்கரத்தை எடுங்கள். நட்டு வைத்த சக்கரமாக இருந்தால் வாஷர்கள் எந்த வரிசையில் வருகின்றன என்பதைக் கவனித்து, அதே வரிசையில் ஒரு துணியின்மேல் வையுங்கள். பின் சக்கரத்துக்கு, கியர் இருந்தால், செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டுக் கழற்றுவது எளிது.

காற்றை முழுவதும் இறக்கிய பின், டயரை இரண்டு பக்கமும் கட்டைவிரலால் சுற்றிலும் நெரித்து, அதன் கம்பி விளிம்பை ரிம்மின் நடுவில் உள்ள பள்ளத்துக்குள் தள்ளுங்கள். டயர் கழற்றும் வேலையின் சூட்சுமம் முழுவதும் இந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. விளிம்பில் உள்ள கம்பி நீளாது. ஆனால் எதிர்ப்பக்கத்தில் அது பள்ளத்தில் இறங்கியிருந்தால், நீங்கள் நிற்கும் பக்கத்தில் அந்த அளவுக்குத் தளர்வு கிடைக்கும். இதைச் செய்யாமல் பலம் கொண்டு நெம்புகிறவர்கள்தான் டியூபைக் கிழிக்கிறார்கள், நெம்பியை முறிக்கிறார்கள். கரண்டிக் காம்பையும் ஸ்க்ரூடிரைவரையும் தொடாதீர்கள். பிளாஸ்டிக் நெம்பி இரண்டு போதும்.

டயரும் டியூபும் வெளியே வந்ததும் ரிம்மின் உட்புறத்தைப் பாருங்கள். ஸ்போக் தலைகளை மூடியிருக்கும் நாடா விலகியிருந்தாலோ கிழிந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். மீண்டும் பயன்படுத்தப்போகும் டயரின் உட்புறத்தை ஒரு பஞ்சுத் துணியால் சுற்றித் துடையுங்கள். விரலால் தடவ வேண்டாம், உடைந்த முள் முனை சதையில் ஏறிவிடும். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே முள் இருக்கிறது.

புதிய டயரில் அம்புக்குறி இருந்தால் அது வண்டி முன்னே போகும்போது சக்கரம் சுற்றும் திசையைக் காட்டவேண்டும். டயரின் பெயர் எழுத்து வால்வுக்கு நேராக வரும்படி மாட்டுங்கள். பின்னொரு நாள் டியூபில் ஓட்டை கண்டால், வால்விலிருந்து அளந்து டயரில் முள் எங்கே இருக்கிறது என்று நொடியில் கண்டுபிடிக்கலாம். முதலில் ஒரு பக்க விளிம்பை முழுவதும் ரிம்முக்குள் ஏற்றுங்கள். டியூபில் முகப்பவுடரைத் தூவித் தடவி, உருவம் எடுக்கும் அளவுக்குச் சிறிது காற்று ஏற்றி, உள்ளே வையுங்கள். பவுடர் இல்லாவிட்டால் நம் வெக்கையில் டியூப் டயரோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு இரண்டாவது விளிம்பை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, இரு கைகளாலும் இருபுறமும் ஏற்றிக்கொண்டே வந்து, வால்வருகில் முடியுங்கள். கடைசி ஒரு சாண் இறுக்கமாக இருக்கும். அங்கே நின்று போராடாமல், எதிர்ப்பக்கத்துக்குத் திரும்பிப்போய் விளிம்பை மறுபடியும் பள்ளத்தில் தள்ளிக்கொண்டு வாருங்கள். அந்தக் கடைசிச் சாண் கட்டைவிரலுக்கே இறங்கும். அப்படியும் வராவிட்டால் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவலாம்.

எண்ணெய் மட்டும் தடவக்கூடாது. இயற்கை ரப்பருக்கு எண்ணெயும் கிரீசும் பகை. அது ஊறி உப்பி வலுவிழந்துவிடும். பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் 1877இல் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளிலிருந்து பெருகிய மரத்தின் பால்தான், 1888இல் ஜான் டன்லப் என்பவர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்ற பிறகு உலகம் முழுவதும் தேவைப்பட்டது. அந்தப் பாலை எடுத்து, தோம்புகளில் ஊற்றி, மிதிவண்டியின் பின்னால் கட்டி ஆலைக்குக் கொண்டுபோனவர்கள் நம் பாட்டனும் பாட்டியும். இன்று தோட்டங்களில் பால்மரம் அரிதாகிச் செம்பனை நிற்கிறது. ஆனால் கையில் இருக்கும் டயரில் இன்னும் அந்தப் பால் இருக்கிறது. அதைப் பார்த்துப் பழகுவது நமக்கு இயல்பாக வரவேண்டும்.

விளிம்பு ஏறியதும் வால்வை ஒருமுறை உள்ளே அழுத்தி விடுங்கள். விளிம்புக்கடியில் டியூப் சிக்கியிருந்தால் விடுபடும். பாதிக் காற்று ஏற்றிச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு வார்க்கப்பட்டிருக்கும். அது சுற்றிலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் மறைந்தால் அங்கே விளிம்பு உட்காரவில்லை. ஓரிடத்தில் மேலே எழும்பினால் டியூப் சிக்கியிருக்கிறது. காற்றை இறக்கிச் சரிசெய்த பிறகே முழுக் காற்று ஏற்றுங்கள்.

காற்றின் அளவு மழைக்காலத்தில் சற்றுக் குறைவாக இருப்பது நல்லது. டயர் கொஞ்சம் தட்டையாகி, தரையை அதிகப் பரப்பில் பிடிக்கும். சுமார் 70 கிலோ எடையுள்ள நான், 47 மில்லிமீட்டர் டயரில் முன்னால் 250 கிலோபாஸ்கலும் பின்னால் 300 கிலோபாஸ்கலும் வைக்கிறேன், 36 பி.எஸ்.ஐ.யும் 44 பி.எஸ்.ஐ.யும் என்று சொல்லலாம். கனமானவர்களும் சாமான் ஏற்றுபவர்களும் கூட்டிக்கொள்ளட்டும், ஆனால் டயரின் பக்கவாட்டில் அச்சடித்த எல்லைகளை மீறக்கூடாது. மிகக் குறைத்தாலும் ஆபத்து. குழியில் இறங்கும்போது டியூப் ரிம்மில் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரட்டை ஓட்டை விழும். பெட்ரோல் நிலையத்துப் பம்பில் ஏற்றுவதானால் கார் டயருக்குரிய வால்வு வேண்டும்; அழுத்தும் முன் அளவைத் திரையில் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மிதிவண்டி டயர் நொடிக்குள் நிரம்பிவிடும்.

புதிய டயரின் மேல் வார்ப்பிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும். முதல் சில நாட்களைக் காய்ந்த சாலையில் நிதானமாக ஓட்டிக் கழித்தால் அது உரிந்துவிடும். தீபாவளிக்கு முன்பே மாற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓட்டும் முறையில், நான் மிகவும் பயப்படுவது பெருமழையை அன்று, மழை தொடங்கிய முதல் பத்து நிமிடங்களை. பல நாள் சிந்திய எண்ணெயும் தூசியும் அப்போதுதான் கரைந்து மேலே வரும். நன்றாகப் பெய்து கழுவிய பின் அதே சாலை பிடிப்பாகிவிடும். செம்பனை ஆலைக்குப் போகும் வழியில் லோரியிலிருந்து உதிர்ந்த பழங்கள் சக்கரங்களில் நசுங்கிக் கிடக்கும். அந்தச் செம்மஞ்சள் கறைகளின்மேல் திரும்பவும் கூடாது, பிரேக் பிடிக்கவும் கூடாது. சாலையின் வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, பாசி பிடித்த நிழல் ஓரம், பலகைப் பாலம் ஆகிய நான்கையும் நேராக, நிமிர்ந்து, மிதியை நிறுத்திக் கடந்துவிடுங்கள். பாலத்தின் பலகைகள் போகும் திசையிலேயே நீளவாக்கில் போடப்பட்டிருந்தால், இடைவெளியில் டயர் இறங்கிவிடும். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கு ஈரத்தில் உடனே பிடிக்காது. முதலில் தண்ணீரைத் துடைத்து, அதன் பிறகே இறுகும். அலுமினிய ரிம்மில் இது ஓரிரு சுற்றில் முடியும். குரோம் பூசிய இரும்பு ரிம்மில், அதாவது பழைய கறுப்புச் சைக்கிளில், நிற்கும் தூரம் பல மடங்காகிவிடும். சந்திக்கு வெகு முன்பே இரண்டு பிரேக்கையும் இலேசாகத் தொட்டுக்கொண்டே வந்து ரிம்மைத் துடைத்து வையுங்கள். வேகத்தை நேர்ப்பாதையிலேயே குறைத்துவிட்டு, பிரேக்கை விட்ட பிறகு திரும்புங்கள். வண்டியைச் சாய்க்காமல் வளைவை அகலமாக எடுங்கள். சேற்றுச் சடக்கில் இலகுவான கியரில், விடாமல், மெதுவாக மிதித்துக்கொண்டே போகவேண்டும். ஹேண்டிலை இறுகப் பிடிக்காமல் முன் சக்கரம் தன் வழியைத் தேடிக்கொள்ள விடுங்கள். தண்ணீர் சாலையைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தால், எந்த டயர் போட்டிருந்தாலும் இறங்காதீர்கள். ஓரத்துக் கால்வாய் எங்கே தொடங்குகிறது என்று அப்போது தெரியாது.

வீடு திரும்பியதும் சக்கரத்துக்கு ஒரு வாளித் தண்ணீர், செயினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய், பூவின் இடுக்கில் ஏறிய முள்ளையும் கல்லையும் கிளற ஒரு சிறு குச்சி. இவ்வளவும் ஐந்து நிமிட வேலை. எண்ணெய் டயரிலும் ரிம்மிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக் ரப்பரையும் வாரம் ஒருமுறை பாருங்கள். செம்மண் உப்புத்தாள்போல் அதைத் தேய்த்துவிடும்.

தைப்பூசம் முடிந்து சடக்கில் புழுதி கிளம்பத் தொடங்கியதும் மழை டயரைக் கழற்றிவிடலாம். கழுவி, நிழலில் காயவைத்து, வெயிலும் மோட்டார் இயந்திரங்களின் சூடும் படாத இருண்ட மூலையில் மடிக்காமல் வையுங்கள். பக்கவாட்டில் சுண்ணக்கட்டியால் ஆண்டையும், அது முன்னால் ஓடியதா பின்னால் ஓடியதா என்பதையும் எழுதி வைத்தால், அடுத்த தீபாவளிக்கு எதைப் பின்னுக்குத் தள்ளுவது, புதிதாக எதை வாங்குவது என்று யோசிக்க வேண்டியிருக்காது.